கடைசி வாங்கு

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத் தேவாலயத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் எங்கள் தமிழ்ப் பூசைக்கு, தமிழே தெரியாத ஒரு முதியவர் வருவார். மெலிந்த முகம், நன்றாக அழுத்திய கோட். எப்போதும் கடைசி வாங்கில், அந்த நீள மரப்பெஞ்சில், தனியே இருப்பார்.

ஒருநாள், “முன்னுக்கு வந்து இருங்கோவன்” என்று டெனிஷில் கூப்பிட்டேன்.

“நான் எரித்திரியாவிலை பிறந்தனான். அப்பா அங்கை குடியேறின இத்தாலிக்காரன், அம்மா அந்த ஊராள். கோயிலிலை அவர் தன்ரை ஆக்களோடை முன்னுக்கு இருப்பார். நானும் அம்மாவும் கடைசி வாங்கு. வெளியிலை போகேக்கையும் எங்களைப் பாக்கமாட்டார்” என்று அவரும் டெனிஷிலேயே சொன்னார்.

“இங்கை அப்பிடியில்லை, வாங்கோ” என்று கையைப் பிடித்தேன்.

வந்து என் பக்கத்தில் இருந்தார். பாதிப் பூசையில் எழும்பி, “அம்மாவைத் தனிய விட்டிட்டு வந்தமாதிரிக் கிடக்கு” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பின்னால் போனார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. பிறகும் வரவில்லை. நான் கூப்பிட்டது பிழையோ தெரியாது. தேடிப் போகலாமென்றால், பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை.