அண்ணியும் நானும் ஒரே வகுப்பில்

அண்ணனின் மனைவியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எம்.ஏ. படித்தவள் நான். எங்கள் ஊர் ஆலங்குடிக்குப் பக்கம். அங்கிருந்து புதுக்கோட்டை வந்து, பஸ் மாறி, திருச்சி ரோட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரத்துக்கு என்னைத் தனியாக அனுப்ப அப்பாவுக்கு மனம் வரவில்லை. வரலாறு கேட்டுக் கிடைக்காமல், மகளிரியலில்தான் இடம் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல அப்பா வாயெடுக்கும்போது அண்ணிதான் குறுக்கே வந்தார்.

"நானும் சேர்ந்துக்கவா மாமா? பாப்பாவுக்குத் தொணையா இருக்கும்."

என்னை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு ஒரு வயதுதான் மூத்தவர். கீரமங்கலத்தில் பூத்தோட்டக்காரர் மகள். டிகிரி முடித்த கையோடு எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். கல்யாணமாகி மூன்றாவது மாதம் அண்ணன் துபாய்க்குத் திரும்பிவிட்டான். ஏ.சி. மெக்கானிக் வேலை. அப்பா அவனுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"பொம்பளைங்க படிக்கிற படிப்புதானப்பா, சேரட்டும்" என்றான்.

அம்மா பக்கத்திலிருந்து, "தையல் எல்லாம் சொல்லிக் குடுப்பாங்கல்ல?" என்று கேட்டாள். இருக்கும் என்றார் அப்பா. எங்களுக்கும் அப்போது அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

முதல் நாள் பேராசிரியை எங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார். யார் மகள், யார் மனைவி என்பதைச் சொல்லக் கூடாது. அது இல்லாமல் பேச வேண்டும். ஒவ்வொருத்தியாக எழுந்து தடுமாறி உட்கார்ந்தோம். நான் என் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு நின்றேன். அண்ணி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "எனக்கு ரெண்டு கையாலயும் ஒரே வேகத்துல மல்லிகை பறிக்க வரும்" என்றார். வகுப்பு சிரித்தது. பேராசிரியை சிரிக்கவில்லை. "வேற என்ன வரும்?" என்று கேட்டார். அண்ணி முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை.

துணைக்கு வந்தவர் படிப்பில் என்னைத் தாண்டிப் போனார். நான் பஸ்ஸில் தூங்குவேன். அவர் படித்துக்கொண்டு வருவார். சொத்துரிமை, கூலி, ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று யார் பெயர் இருக்கிறது என்பதையெல்லாம் வீட்டுக்கு வந்து மாவாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொல்வார். அம்மாவுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அவளே கேட்க ஆரம்பித்தாள். "இன்னைக்கு என்னத்தா நடத்துனாங்க?" அந்த ஒரு வருடம் எங்கள் அடுப்படி அவ்வளவு கலகலப்பாக இருந்தது.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அண்ணன் வீடியோ கால் வரும். அண்ணி அறைக்குள் போய்விடுவார். மனைவி மேல் பிள்ளைக்கு ஆசை என்று அம்மா பூரித்துப்போவாள். என் கட்டில் அந்த அறையின் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. பேச்சு முழுதாகக் கேட்காது. "திருப்பு" என்ற சொல் மட்டும் அடிக்கடி காதில் விழும். வீட்டைப் பார்க்க ஏங்குகிறான் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

மார்ச் மாதம் மகளிர் தினத்துக்காக எங்கள் துறையிலிருந்து வீதி நாடகம் போட விராலிமலைக்குப் போனோம். மலைக்குக் கீழே கடைத்தெருவில் ஒரு ஓரமாக இடம் பிடித்தோம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவனைப் பற்றிய காட்சி ஒன்று இருந்தது. கணவனாக நடிக்க யாரும் முன்வரவில்லை. அண்ணி தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். கைலி கட்டி, சட்டை போட்டு, கண்மையால் மீசை வரைந்துகொண்டு வந்து நின்றபோது எல்லோருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. எழுதி வைத்திருந்த வசனம் வேறு. அண்ணி பேசியது வேறு.

"போனைத் திருப்பு. கதவுப் பக்கம் காட்டு. அங்கிட்டு யாரு நிக்கிறா? கட்டிலுக்குக் கீழ காட்டு. எதுக்குப் பொட்டு பெருசா வச்சிருக்க? யாரு பாக்குறதுக்கு?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட வந்து பார்த்தார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். திடீரென்று அது என் அண்ணனின் குரல் என்று தெரிந்தது. இழுத்துப் பேசுவதும், நடுவில் தொண்டையைச் செருமுவதும் அப்படியே அவன்தான். நாடகம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது அண்ணியிடம் போனேன். மீசையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சுபோச்சா பாப்பா?"

தலையாட்டினேன். திரும்பி வரும்போது வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் லோடு இறக்க அங்கே வந்தவர் நாடகத்தைப் போனில் எடுத்திருக்கிறார். கெட்ட எண்ணமில்லை. நம்ம ஊர் மருமகள் என்னமா நடிக்கிறது என்ற பெருமைதான். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அந்தக் குரூப்பில் துபாயில் இருப்பவர்களும் உண்டு. அண்ணன் அதன் பிறகு அண்ணிக்குப் போன் செய்யவே இல்லை. லீவு போட்டுவிட்டு நேரே வந்து இறங்கினான்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கீரமங்கலத்திலிருந்து அண்ணியின் அப்பா வந்திருந்தார். எங்கள் பெரியப்பாதான் பேச்சைத் தொடங்கினார். அண்ணன் அவரை முடிக்க விடவில்லை.

"ரூம்ல எல்லாப் பயலும் பாத்தானுங்க. என் மூஞ்சியப் பாத்து 'போனைத் திருப்பு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறானுங்க. நான் அங்க வெயில்ல கெடந்து வேகுறது ஒனக்கு நாடகமா?"

அண்ணி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். "நீங்க கேக்குறப்ப ஒரு நாளாச்சும் நான் சிரிச்சேனாங்க? தெனமும் திருப்பிக் காட்டிக்கிட்டுத்தான இருந்தேன்?"

"சரி விடும்மா" என்றார் பெரியப்பா. "புருசன்கிட்ட ஒரு மன்னிப்பக் கேட்டுட்டு, படிப்ப நிப்பாட்டிரு. முடிஞ்சுச்சு."

"நாலு பேருக்கு முன்னாடி பண்ணுனதுக்கு மன்னிப்புக் கேக்குறேன் மாமா. படிப்ப நிப்பாட்ட மாட்டேன். இனிமே போனைத் திருப்பவும் மாட்டேன்."

"அப்ப நீ இங்க இருக்க வேணாம்" என்றான் அண்ணன்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். "அண்ணி சொல்றது நெசம்தான்ண்ணே. சுவத்துக்கு இங்கிட்டு எனக்கும் கேக்கும்."

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அண்ணன் கோபப்படவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய், தென்னை மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது தெரிந்தது. சின்ன வயதில் என்னைத் தோளில் உட்கார வைத்துக் கண்மாய்க்குத் தூக்கிப்போனவன். அவனிடம் போவதா, அண்ணியிடம் போவதா என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நின்றேன்.

அண்ணியின் அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "வா ஆத்தா, போவோம்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

இரண்டாம் வருடம் அண்ணி கீரமங்கலத்திலிருந்து வந்தார். நான் எங்கள் ஊரிலிருந்து போனேன். அவரோடு பேசக் கூடாது என்பது வீட்டு உத்தரவு. வகுப்புக்குள் போய்விட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். முன்பு ஒரே அடுப்பில் ஆக்கிய சோறு. இப்போது இரண்டு டிபன் பாக்ஸ். என் டப்பாவைத் திறந்ததும் அவர்தான் முதலில் கை வைப்பார்.

"அத்தை இன்னும் வெந்தயத்தக் கூடத்தான் போடுறாங்க" என்பார். சொல்லிவிட்டு அந்தக் குழம்பை முழுவதும் சாப்பிடுவார். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது, சினையாக இருந்த மாடு என்ன கன்று போட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அண்ணனைப் பற்றிக் கேட்க மாட்டார்.

அவன்தான் ஒருநாள் கேட்டான். துபாயிலிருந்து என்னிடம் பேசிக்கொண்டிருந்தவன், வைக்கப் போகிற நேரத்தில், "அவ வாராளா காலேஜுக்கு?" என்றான்.

"வாராங்க."

"ஒழுங்காச் சாப்புடுறாளா?"

மறுநாள் ஓடிப்போய் அண்ணியிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டில் கை வைத்தபடியே அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத என்கிட்ட கேக்கச் சொல்லு பாப்பா. போன் பண்ணி இத மட்டும் கேட்டாப் போதும்" என்றார். அண்ணனிடம் அப்படியே சொன்னேன். சரி என்றான். வாரக்கணக்கில் அண்ணியின் கண் போன் மேலேயே இருந்தது. அவன் கூப்பிடவில்லை. என்ன தடுத்தது என்று பின்னாளில் அவனிடம் கேட்டேன். "எப்புடிப் பேச்ச ஆரம்பிக்கிறதுன்னு தெரியல" என்றான்.

குடும்பச் சட்டம் நடத்திய வாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து அண்ணிக்கு வக்கீல் நோட்டீஸ் போய்விட்டது. மணவிலக்கில் மனைவிக்கு என்ன உரிமை, பிள்ளைகளுக்கு என்ன, மாமியார் வீட்டில் எது யாருக்கு என்று பேராசிரியை விளக்கிக்கொண்டிருந்தார். நானும் அண்ணியும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து எழுதினோம். நாத்தனாரைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டால் நான் அவருக்கு யார் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அழுதுவிடுவேன் என்று கேட்கவில்லை.

மற்றவர்கள் எப்போது படிப்பு முடியும் என்று நாளை எண்ணினார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் முடியக் கூடாது என்று இருந்தோம். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரை ஒன்றாக வந்தோம். கீரமங்கலம் பஸ் முதலில் வந்தது. ஏறிய பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"அண்ணனுக்கு வேற பொண்ணு பாத்தாங்கன்னா அந்தப் புள்ளகிட்ட நீ நல்லா இரு. எனக்காக மொகத்தத் திருப்பிக்கிட்டு இருக்காத."

அப்படித்தான் நடந்தது. புதுக்கோட்டை கோர்ட்டில் எல்லாம் முடிந்தது. அண்ணனுக்கு மறுமணம் ஆயிற்று. புதிதாக வந்தவர் சாது. அவரையும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் நாக்கு ஒரு கணம் நின்றுதான் போகிறது. அண்ணன் அவரிடம் போனைத் திருப்பச் சொல்வதில்லை என்று அம்மா சொன்னாள். நல்லதுதான். அந்த நல்லதைக் கேட்டு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் கல்யாணமாகிப் புதுக்கோட்டைக்கே வந்துவிட்டேன். கீரமங்கலத்து அண்ணியை என் கல்யாணத்துக்குக் கூப்பிட வீட்டில் விடவில்லை. அவர் வெளி மாவட்டத்தில், பெண்களுக்கான உதவி மையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஆரம்பத்தில் போனில் பேசினோம். பிறகு விசேஷ நாள்களில் மட்டும் வாழ்த்து வரும். அப்புறம் அதுவும் நின்றது.

போன வருடம், கீரமங்கலத்துப் பூ வாங்கிவந்து எனக்குக் கொடுக்கும் அக்கா, தோட்டக்காரர் தவறிவிட்டார் என்று சொன்னார். அண்ணியின் அப்பா. அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கீரமங்கலத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் அண்ணி எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டார். எத்தனையோ நாள் சேர்த்து வைத்தது போல இரண்டு பேரும் அழுதோம். அவர் மெலிந்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது.

சுற்றியிருந்த சொந்தக்காரப் பெண்களில் ஒருத்தி, "இது யாரு, தெரியலையே?" என்று கேட்டாள்.

அண்ணி என்னை விட்டு விலகி முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"கூடப் படிச்ச புள்ள."

"பாவம், இம்புட்டுத் தூரம் வந்திருக்கே" என்று அந்தப் பெண் என்னை வெளியே கூட்டிவந்து பந்தலில் ஒரு நாற்காலியைக் காட்டினாள். உள்ளே சொந்தக்காரர்கள் அழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் அண்ணி வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது. யாரோ ஒரு டம்ளர் டீ கொடுத்தார்கள். ஊராரோடு ஊராராக உட்கார்ந்து, அண்ணியின் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும்வரை இருந்துவிட்டு வந்தேன்.