வலப்பக்கத்து ஆணிகள்

2019 மார்ச் 14, வியாழக்கிழமை, பின்னேரம் நாலு மணி இருபது நிமிடம். வானம் மூடியிருந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. கனடாவிலிருந்து வந்திருந்த மருமகன் என் மடியில் ஒரு பெட்டியை வைத்தார். நீளம் இருபத்தாறு அங்குலம். அவர் கை கழுவப் போன நேரம் பார்த்து அளந்துவிட்டேன்.

"மாமா, நீங்கள் முந்திப் பிளேன் ஒட்டுவியளாம். உங்கடை மகள் சொன்னவ."

உள்ளே முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் ஒரு போர்விமானம், இருநூற்றுப் பதினாறு துண்டுகளாக. மூடியைத் திறந்ததும் புதுப் பிளாஸ்டிக்கின் மணம் வந்தது. உங்களுக்கு அது வெறும் பிளாஸ்டிக் மணம். எனக்கு அதோடு தார் மணமும் சேர்ந்து வரும். இருபத்தாறு வருடமாக அப்படித்தான்.

இறக்கையை எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். விமானத்தின் தோல் தட்டையாக இருப்பதில்லை. றிவெற் ஆணி இழுத்துப் பிடித்த இடம் இறுகியிருக்கும், இரண்டு வரிசைக்கு நடுவே தகடு மயிரிழை அளவு உள்வாங்கும். அந்த நெளிவைக்கூட இப்போது அச்சில் வார்த்துவிடுகிறார்கள். எனக்கு அதைக் கண்டுபிடிக்கவே ஒன்பது வருடம் பிடித்தது. "நல்லது தம்பி" என்று சொல்லிப் பெட்டியை மூடினேன். அவர் முகம் வாடிவிட்டது. பாவம், அவருக்கு என்ன தெரியும்.

இதற்கு முன் எனக்குக் கிடைத்த ஒரே பெட்டி 1984இல் வந்தது. மனைவியின் தமையன் லண்டனிலிருந்து கொண்டுவந்தார். இருபத்துநாலில் ஒரு பங்கு. இறக்கை முனைக்கு முனை பதினெட்டரை அங்குலம். நான் அப்போது கொழும்புத்துறையில் குடியிருந்த கணக்கு வாத்தியார், வயது நாற்பத்தொன்று. வேறொருவனென்றால் ஒரு மாதத்தில் ஒட்டி, வர்ணம் பூசி, கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருப்பான். நான் ஆணிகளைப் பார்த்தேன். அந்தக் காலத்து அச்சில் ஆணிகள் எல்லாம் மேலே புடைத்து நின்றன. உண்மையில் அவை தோலோடு தோலாக அமிழ்ந்திருக்க வேண்டும். அது என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

சூசை அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சூசை எங்கள் பக்கத்துக் கரையில் வள்ளம் வைத்திருந்த மீன்பிடிகாரன், என்னைவிட ஐந்து வயது இளையவன். செவ்வாயும் சனியும் எங்கள் படலைக்கு மீன் கொண்டுவருவான்.

"உதென்ன மாஸ்டர், பிளேனுக்குக் கொப்பளிப்பான் போட்டிருக்கு?"

"அதைத்தான் தேய்ச்சு எடுக்கப் போறன்."

"தேய்ச்சுப் போட்டு?"

"திருப்பி ஊசியாலை குத்தப் போறன்."

அவன் என் மனைவி பக்கம் திரும்பினான். "அக்கா, மாஸ்டருக்கு மீன் தலை குடுக்கிறதை நிப்பாட்டுங்கோ. மூளை கூடிப்போச்சு."

ஆனால் பொருள்கள் வராமல் நின்று, கடைகளில் தேய்க்கும் தாள் கிடைக்காமல் போனபோது, காயவைத்த சுறாத்தோல் கொண்டுவந்து தந்தவனும் அவன்தான். வாலிலிருந்து தலைப்பக்கம் தேய்த்தால் கரடு, மறுபக்கம் தேய்த்தால் வழவழப்பு. அதைவிட நல்ல தாள் எந்தச் சீமையிலும் இல்லை. ஆறு துண்டு தந்தான். ஆறாவது தேய்ந்து முடியும்போது இறக்கைகள் முட்டைக் கோது மாதிரி ஆகிவிட்டன. பழுதான மணிக்கூட்டின் பற்சக்கரம் ஒன்றை உருட்டிப் புது ஆணி வரிசை போடலாமென்று கண்டுபிடித்தேன். உருட்டவும் பழகிக்கொண்டேன். ஆணிக்கு ஆணி எவ்வளவு இடைவெளி என்பதுதான் தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடிய புத்தகம் ஊரில் இருந்திருந்தால், அது இருந்த நூலகம் 1981இலேயே எரிந்துபோய்விட்டது.

பிறகு உண்மையான விமானங்களே எங்கள் தலைக்கு மேல் வரத் தொடங்கின. சனம் பங்கருக்குள் ஓடும். நான் முற்றத்தில் நின்று குண்டு போடும் பொம்மரின் வயிற்றில் தகடுகள் சேருமிடம் தெரிகிறதா என்று பார்ப்பேன். "உங்களுக்கென்ன விசரோ? பிள்ளையள் கத்துதுகள், உள்ளை வாங்கோ!" என்று மனைவி சேட்டைப் பிடித்து இழுப்பாள். இரண்டு சேட்டுகளில் பொத்தான் அறுந்தது. இவ்வளவு பேர் செத்துக்கொண்டிருந்த ஊரில் ஒருவன் ஆணி பார்த்தான் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பார்த்தேன்.

1993, மாசி மாதம். சூசையின் வள்ளத்தில் மீன்பெட்டிக்குப் புது மூடி ஒன்று போட்டிருந்தது. எங்கேயோ விழுந்த விமானமொன்றின் தகடு கைமாறிக் கைமாறி அவனிடம் வந்திருந்தது. மூன்று அடி நீளம், இரண்டு அடி அகலம், உட்புறம் சட்டங்களோடு. மேலே கறுப்பாகத் தார் பூசியிருந்தான். தாரின் அடியில் வரிசை வரிசையாகச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன்.

"உதை ஏன் சூசை தார் பூசினனி?"

"பின்னை? மேலை ஹெலியிலை போறவன்ரை கண்ணிலை மின்னவோ? கடல்லை இறங்கக்கூடாதெண்டு சட்டம். வள்ளம் நிக்கிறதே தெரியக்கூடாது, மாஸ்டர்."

இதை அவன் என்னிடம் சொன்னான். நான் கேட்டேன். எனக்குத் தெரியாதென்று சொல்ல வழியில்லை.

ஒரு திங்கட்கிழமை, காற்று சரியில்லை, இரண்டு நாளைக்கு இறங்கமாட்டேன் என்றான். தகட்டை இரவல் கேட்டு வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். விளக்குக்கென்று மனைவி ஒளித்து வைத்திருந்த மண்ணெண்ணெயில் அரைப் போத்தல் எடுத்துத் தாரைக் கழுவினேன். கழுவக் கழுவ உள்ளிருந்து வெள்ளி வந்தது. சாய்த்துப் பிடித்து வெளிச்சம் விழ வைத்தபோது, ஆணி வரிசைகளுக்கு நடுவே அந்த நெளிவை முதன்முதலாகக் கண்டேன். நல்ல கடலில் காற்றில்லாத நேரத்துத் தண்ணீர் மாதிரி. ஒவ்வோர் இடைவெளியாக அளந்து கொப்பியில் எழுதினேன். பள்ளிக்கூடமும் இருந்ததால், புதன்கிழமை பின்னேரம் வரையில் தகட்டின் வலப்பக்கம் மட்டுமே முடிந்தது. ஐந்து வரிசை, வரிசைக்கு முப்பத்தெட்டு, நூற்றுத் தொண்ணூறு ஆணிகள்.

திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சூசை தகட்டில் தன் முகத்தைப் பார்த்துத் தலை வாரினான். "இனி றோசம்மாவுக்குக் கண்ணாடி வாங்கத் தேவையில்லை." றோசம்மா அவன் மனைவி. அவள் வலையிலிருந்து தலை நிமிராமலே, "உங்கடை முகத்தைப் பாக்க எனக்குக் கண்ணாடி வேறை வேணுமோ?" என்றாள்.

அப்போதுதான் அதைக் கேட்டேன். "சூசை, இன்னும் இடப்பக்கம் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை வாறன். அதுவரைக்கும் தார் பூசாதை. திரும்பக் கழுவ என்னட்டை எண்ணெய் இல்லை."

அவன் கொஞ்சம் யோசித்தான். யோசித்ததை நான் பார்த்தேன். "ஓம் மாஸ்டர். நாலு நாள்தானே. சாக்கைப் போட்டு மூடிறன்."

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஹெலி வந்தது. நான் பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். சுட்ட சத்தம் கடல் பக்கம் கேட்டது. எண்ணினேன், எனக்கு எண்ணாமல் இருக்க முடியாது. மூன்று தடவை சுட்டது. எட்டு மணிக்குள் ஊர் முழுக்கச் செய்தி. மற்ற இரண்டு வள்ளங்களும் கரை சேர்ந்துவிட்டன. சூசையின் உடலை அவன் வள்ளத்தோடு இழுத்து வந்தார்கள். அன்றைக்கு நல்ல மீன் பட்டிருந்ததாம். வெயில் ஏறுகிற நேரம் மீன் காயாமல் இருக்க எந்த மீன்பிடிகாரனும் செய்வதைத்தான் அவனும் செய்திருந்தான். சாக்கை நனைத்து, பெட்டிக்குள் மீனின் மேல் போட்டு, தாரில்லாத மூடியை மேலே மூடியிருந்தான்.

மின்னித்தான் கண்டார்களா, மின்னாமலே கண்டார்களா? யாருக்கும் தெரியாது. சாகும்வரைக்கும் எனக்கும் தெரியப்போவதில்லை. கோயிலில் அவனுக்கு அடக்கப் பூசை நடந்தபோது வெளியே வேலியோரம் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை.

முப்பத்தோராம் நாள் கழிய றோசம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தகட்டைப் பழைய சீலையொன்றில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். "ஞாயிற்றுக்கிழமை வருவியளெண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். எண்ணி முடிக்கேல்லை எண்டு அவர் சொன்னவர்."

"றோசம்மா, நான்தான் தார் பூச வேண்டாமெண்டு..."

"தெரியும், மாஸ்டர்."

வள்ளத்தை விற்றாயிற்று, வலையும் போயிற்று, அலுமினியத்துக்கு நல்ல விலையாம், பழைய இரும்புக்காரன் கேட்டான், முதலில் உங்களைக் கேட்பது மரியாதை என்று வந்தேன் என்றாள். நான் மேசை லாச்சியைத் திறந்து அந்த மாதச் சம்பளத்தில் மிச்சமிருந்ததை அப்படியே எடுத்து நீட்டினேன். அவள் பார்த்தாள், வாங்கவில்லை. "நிறுத்துக்கொண்டுதான் வந்தனான். நிறைக்குரிய காசைத் தாங்கோ."

அந்தத் தகட்டின் இடப்பக்கத்தை நான் எண்ணவில்லை. விமானத்தின் இறக்கைகள் ஆணியில்லாமலே இருந்தன. 95 ஒக்டோபரில், ஆமி நெருங்கிவர, மழைக்குள், ஊர் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, நாங்கள் ஏழு பொதிகள் கொண்டுபோனோம். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் வீட்டுக்கு ஓடும் இல்லை, கதவுகளும் இல்லை. விமானம் இல்லை, கொப்பி இல்லை, தகடும் இல்லை. றோசம்மா பிள்ளைகளோடு வன்னிக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், மன்னாருக்கு என்று இன்னொருவர் சொன்னார். அவர்கள் வீடிருந்த இடத்தில் இப்போது முட்கம்பி போட்டிருக்கிறது. நானும் மூன்று தடவை போய் விசாரித்தேன். சூசை என்று ஒருவன் இருந்ததே தெரியாத ஆட்கள்தான் அந்தக் கரையில் இப்போது இருக்கிறார்கள்.

தகடு மூன்று கிலோ முந்நூறு கிராம். கிலோ நாற்பது ரூபாய். நான் கொடுத்த நூற்றைம்பதில் மிச்சம் பதினெட்டு ரூபாயை அன்றைக்கு றோசம்மா மேசையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்துவிட்டுப் போனாள். நூற்று முப்பத்திரண்டு ரூபாய்.