சகலை போட்ட வயரிங்

இருபத்திரண்டு வருஷமாக உணவகச் சமையற்கட்டுகளுக்கு மட்டுமே வயரிங் செய்துவந்த அந்த எலக்ட்ரீசியனுக்கு, மச்சினியின் புருஷன் அதே தொழிலுக்கு வந்தது அடியோடு பிடிக்கவில்லை. சகலைக்கு இனிக்கப் பேச வரும். சட்டை கசங்காமல் வேலை பார்ப்பான். கடைத்தெருவில் புதிதாகத் திறந்த பெரிய உணவகத்தின் வேலை அவனுக்குப் போனபோது இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த முதலாளியோட பழைய கடைக்கு யாரு வேலை பார்த்தது? நான்தானே?"

"தங்கச்சி குடும்பம் நல்லா இருக்கட்டுமேங்க," என்றாள் மனைவி.

"இருக்கட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்?" என்றவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து முதலாளி போன் செய்தார். "உங்க சகலை போட்ட ட்ரிப் சுவிட்ச் உயிரை வாங்குது. தரையைக் கழுவினா போதும், டப்புன்னு விழுந்து கரண்டே போயிடுது. அவரும் இப்ப ஊர்ல இல்ல. நீங்க வந்து அதைக் கழட்டிட்டு நேரா லைன் கொடுத்துடுங்க."

டீயைக்கூட முடிக்காமல் கிளம்பினார். வழியெல்லாம் மனசுக்குள் ஒரே கொண்டாட்டம்.

சுவிட்ச் பலகையைத் திறந்து குற்றம் தேடினார். ஒவ்வொரு வயரிலும் எங்கே போகிறது என்று எழுதி ஒட்டியிருந்தது. பிளக் பாயின்ட்டுகள் தண்ணீர்த் தொட்டியை விட்டுத் தள்ளி, நெஞ்சுயரத்தில், ஆவி புகாத மூடியோடு இருந்தன. எர்த் வயர் சரியான கனம். பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் ஏறியது. அவர் ஒருநாளும் அப்படி எழுதி ஒட்டியதில்லை.

"சீக்கிரம் முடிங்க. அடுத்த கிளை வேலையும் உங்களுக்கே," என்றார் முதலாளி.

ரெண்டு நிமிஷ வேலை. ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது பாத்திரம் கழுவும் அம்மா சொன்னாள்: "மாவு பிசையற மெஷினைத் தொட்டா கை சுர்ருங்குதுன்னு பத்து நாளா கத்துறேன். யார் காதுல விழுது?"

டெஸ்டரை மெஷினின் உடம்பில் வைத்தார். விளக்கு எரிந்தது. மெயினை அணைத்துவிட்டு மெஷினை இழுத்துப் பார்த்தார். அதன் வயரோடு ஒரு மட்டமான வயரை ஒட்டுப்போட்டு அடுப்புக்குப் பின்னால் விட்டிருந்தார்கள். சூட்டில் மேலுறை உருகி, எர்த் அறுந்து தொங்கியது. தரை நனைந்ததும் கரண்ட் அதில் கசிந்திருக்கிறது. அதனால்தான் சுவிட்ச் விழுந்திருக்கிறது.

"இதை இங்க நகர்த்தினது யாரு?"

"இடம் பத்தலைன்னு நான்தான்..." என்று இழுத்தார் முதலாளி.

வயரை மட்டும் மாற்றிவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தால் கெட்ட பேர் சகலைக்கே. அப்படியே விட்டுவிடலாமா என்று ஆசை வந்தது. பாத்திரம் கழுவும் அம்மா ஈரத்தில் வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

"சுவிட்ச் மேல தப்பில்ல. அது விழலைன்னா இந்தம்மா விழுந்திருப்பாங்க," என்றார். அப்புறம், வேப்பங்காயைக் கடித்தவர் மாதிரி, "அவன் வேலை சுத்தம்" என்றார்.

சூடு தாங்கும் புது வயர் போட்டு, மெஷினைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். அடுத்த கிளை வேலை சகலைக்கே போனது. அது தெரிந்த அன்றும் இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

சகலையே போன் செய்தான். "அண்ணே, முதலாளி சொன்னாரு. என் பேரைக் காப்பாத்தினீங்க. இந்தப் புதுக் கிளை வேலையை ரெண்டு பேருமா செய்வோமா?"

"பார்க்கலாம்" என்றவர் நான்கு நாள் பிகு பண்ணிவிட்டுத்தான் போனார். வேலை முடிந்து சுவிட்ச் பலகையின் கதவில் இருவர் போன் நம்பரும் எழுதினார்கள். தன்னுடையதை மேலே, கொஞ்சம் பெரிசாக, அவரே எழுதினார்.