அக்காவை எழுப்பிய நாள்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூரில் பல்பு கம்பெனி, அத்திபெலேயில் மளிகைக் கடை, ஹெப்பகோடியில் பெண்கள் ஹாஸ்டலில் சமையல் என்று போய்க்கொண்டே இருந்தேன். என் அக்கா நேர்மாறு. கல்யாணமாகி பெங்களூரு ஜோகுபாளையத்துக்கு வந்தவள், அதே சந்தில், அதே தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதும் பிகோ போடுவதும்தான் வேலை. உடம்பு பெருத்தது. சர்க்கரை வந்தது, முட்டி போயிற்று, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார்கள். மாமா ஷிப்ட் வேலைக்குப் போகிறவர், கூட இருக்க ஆள் வேண்டும் என்று எனக்குப் போன் வந்தது. ஹாஸ்டலில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வேலையை விடுவது எனக்குப் பழகிய விஷயம்.

ஆபரேஷனுக்கு முன்னால் பரிசோதனைக்குப் போனோம். ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் ஆபத்து எவ்வளவு என்று பார்க்க ஒரு நர்ஸ் வரிசையாகக் கேள்வி கேட்டாள்.

"வேற ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா?"

"சர்க்கரைக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு. அவ்ளோதான்" என்றாள் அக்கா.

"கடைசியா பீரியட்ஸ் எப்போ?"

"இந்த மாசம் வராது மேடம். நிறுத்தி வெச்சிருக்கேன்."

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாள். "எப்படி நிறுத்தினீங்க?"

"மாத்திரை போட்டுத்தான்."

"மாத்திரை இல்லன்னீங்களே?"

"அது மாத்திரையா மேடம்? பண்டிகைக்குப் போடறது."

அது ஆடி மாசம். ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று சந்திலிருக்கும் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள் அக்கா. அந்த நேரத்தில் தீட்டு வந்துவிடக் கூடாது. எங்கள் பெண்கள் யாரும் அதை மருந்து என்று நினைப்பதில்லை. கற்பூரம், மஞ்சள் வாங்கும்போது மெடிக்கலிலும் ஓர் எட்டு எட்டிப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள்.

டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசினார். திட்டவில்லை.

"சாமிக்குப் பண்றது தப்பில்லம்மா. ஆனா இந்த மாத்திரையால ரத்தம் கட்டறதுக்கு வாய்ப்பு கூடலாம். உங்க வெயிட்டுக்கு ஏற்கெனவே அந்த பயம் இருக்கு. மாத்திரைய நிறுத்திட்டு, சில வாரம் போகட்டும், அப்புறம் பண்ணலாம்." காகிதத்தைப் பார்த்தபடியே அடுத்த கேள்வியையும் கேட்டார். "வீட்ல யாருக்காவது கால்ல ரத்தம் கட்டியிருக்கா? இல்ல, திடீர்னு யாராவது போயிட்டாங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே கிடையாது. நான்தான் சொன்னேன்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். வயிற்றைக் கிழித்த உடம்பு அசையக் கூடாது என்று சின்னம்மா, அத்தை எல்லோருமாகச் சேர்ந்து கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும் என்று தண்ணீர்கூட அளந்துதான் கொடுத்தார்கள். ஒரு கால் மட்டும் வீங்கியது. எண்ணெய் காய்ச்சி நீவிவிட்டார்கள். ஒரு காலையில் அம்மா தானே பாத்ரூம் போவதாகச் சொன்னாள். அக்காதான் கையைப் பிடித்து எழுப்பினாள். வாசற்படி வரை நடந்த அம்மா மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். எழுந்திரிக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எழுப்பியது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த வருஷம்தான் நான் பள்ளியை விட்டேன். அக்காவுக்கு அவசரமாகக் கல்யாணம் ஆனது.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"இப்ப உறுதியா சொல்ல முடியாது. நீங்க சொல்றத வெச்சுப் பார்த்தா, கால்ல உறைஞ்ச ரத்தம் நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அது நீங்க எழுப்பினதால உறையலம்மா. அசையாம படுத்தே இருந்தாங்க இல்ல, அதுல உறைஞ்சிருக்கும்."

"நான் எழுப்பலன்னா?" என்றாள் அக்கா.

"எழுப்பலன்னாலும் போயிருக்கலாம்."

ஆட்டோவில் திரும்பினோம். அல்சூர் ஏரி தாண்டிய பிறகு அக்கா, "முன்னாடியே எழுப்பியிருக்கணுமோ?" என்றாள்.

"நமக்கு எங்கக்கா தெரியும்?" என்றேன்.

கூழ் ஊற்றினாள். மாத்திரையை நிறுத்தினாள். அடுத்த வாரங்களில் தினமும் அவளைச் சந்து முனை வரை நடக்கவைத்தேன். தள்ளிப்போனதில் துணிச்சல் கரைந்துவிடுமோ என்று எனக்குப் பயம். எப்படியோ, சொன்ன நாளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள்.

முதலில் காலுக்கு இறுக்கமான நீள சாக்ஸ் போட வேண்டும். நானும் நர்ஸும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். "தலகாணிக்கு உறை போடறியா, காலுக்குப் போடறியா?" என்றாள் அக்கா. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, கெண்டைக்காலில் சுற்றிய பட்டைகள் காற்று நிரம்பி இறுகுவதும் தளர்வதுமாக இருந்தன. ரத்தம் தேங்காமல் ஓடுவதற்காக. மயக்கம் தெளியாத குரலில், "யாரோ கால் அமுக்கி விடறாங்கடி. கல்யாணமாகி இப்பத்தான் கொடுத்து வெச்சிருக்கு" என்றாள். மாமா சிரித்தார்.

சாயங்காலம் நர்ஸ் வந்து பட்டைகளைக் கழற்றினாள். "எழுந்து கொஞ்சம் நடக்கலாம்."

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு."

"இன்னிக்கே நடக்கணும். படுத்தே இருக்கக் கூடாது."

பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த அம்மாள் பொறுக்கமாட்டாமல், "வயித்த கிழிச்ச பொம்பளைய ஏம்மா எழுப்பறீங்க? நாலு நாள் கெடக்கட்டுமே" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். எங்கள் அத்தையும் அப்படித்தான் சொன்னார்.

நான் கையை நீட்டினேன். அக்கா கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீ எழுப்பாத. நானே எழுந்துக்கறேன். நீ தள்ளி நில்லு."

எனக்குப் புரிந்தது. ஏதாவது ஆகிவிட்டால் அது என் கையில் ஒட்டக் கூடாது. இத்தனை வருஷம் தான் சுமந்ததை எனக்குத் தரமாட்டாள்.

"நான்தான் எழுப்புவேன். கைய குடு."

"சொன்னா கேளு."

"என்னைக்கு நான் நீ சொன்னதக் கேட்டிருக்கேன்?"

கையைக் கொடுத்தாள். சில்லென்று இருந்தது. ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு நின்றாள். நின்றதும் அவளுடைய இன்னொரு கை மாருக்குப் போயிற்று.

"வலிக்குதாக்கா?"

"வயிறு வலிக்குது."

"மாரு?"

கொஞ்ச நேரம் கவனித்துப் பார்த்துவிட்டு, "இல்லடி" என்றாள். "அங்க ஒண்ணும் இல்ல."

கதவு வரை நடந்தோம். வாசலில் அவள் நின்று காலால் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாண்டினாள். அழுதுகொண்டிருந்தாள். வலியால் என்று நர்ஸ் நினைத்து, "மெல்ல, மெல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்தபிறகும் ரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றில் தினமும் ஊசி போட வேண்டியிருந்தது. நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி நானே போட்டேன். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டை வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஓடி வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் எழுந்ததும் அவளுடைய இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பகலெல்லாம் மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிக்கவைப்பேன். பார்க்க வந்த பெண்கள் படுக்கச் சொன்னால், "படுத்தாதான் வம்பு. வா, நடந்துகிட்டே பேசலாம்" என்று அவர்களையும் சந்தில் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

ஊசிகள் முடிந்தன. கால்கள் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. நான் பையை எடுத்தேன்.

வழக்கமாக அவள் மிஷினிலிருந்து தலையைத் தூக்கி, "போயிட்டு வா" என்பதோடு சரி. அன்றைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு பழைய மெட்ராஸ் ரோடு பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தாள். வழியில் ஒரே ஒரு தடவை நின்றாள். பஸ் வந்தது. ஏறும்போது என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

"போற எடத்துல ரொம்ப நேரம் உக்காராத" என்றாள்.