ஊட்டுகிற கை

“…அப்ப நான் வேன்ல ஏறிப் போய்ட்டா இந்தாளுக்கு யாரு சிஸ்டர் ஊட்டுவாங்க? பக்கத்து வூட்டுக்காரியா?” என்றாள் அந்தப் பெண். புருஷனுக்காக உருட்டிய சோறு அவள் கையில் அப்படியே நின்றது.

நான் சிஸ்டர் இல்லை. தொண்ணூற்றொன்றில், தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர் பயிற்சியில் இருந்தேன். பஸ்ஸில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிடும். கை வராதவர்களுக்குச் சாப்பிட, சட்டை மாட்ட, தலை வாரப் பழக்குகிற வேலை என்பேன். “அதுக்கெல்லாமா படிப்பு?” என்பார்கள். காலையிலிருந்து நின்ற காலோடு பதில் சொல்லத் தெம்பிருக்காது.

அவள் புருஷன் பிரஸ் மெஷினில் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொடுத்துவிட்டு வந்தவர். மிச்சமிருந்த மூன்று விரல்களைச் சேர்த்துச் சோறு எடுக்கலாம். ஈர மணல், துணிக் கிளிப், கோலிக்குண்டு என்று பழக்கினேன். எல்லாம் செய்தார். “அடுத்தது இன்னா, பம்பரமா?” என்று கேலி வேறு. தட்டு வந்தால் மட்டும் கை மடிக்குள் போய்விடும். ஸ்பூனை நீட்டினால், “நான் இன்னா ஜொரத்துல கெடக்குற கொழந்தையா?” இடது கை என்றால் முகத்தையே திருப்பிக்கொள்வார்.

அவளும் தட்டைக் கண்டதும் பிசைய உட்கார்ந்துவிடுவாள். அவர் சாப்பிட்டு எழும்வரை அவள் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும் என்று வார்டே மெச்சியது. அந்த மெச்சல்தான் எனக்குப் பெரிய தொல்லை. நோயாளி தடுமாறும்போது உன் கையைக் கட்டிக்கொள் என்பது எங்களுக்கு முதல் பாடம். பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப்போலக் கஷ்டமான வேலை வேறு கிடையாது. எனக்கே பிடிபட மாசக்கணக்கானது. அவளிடம் எந்த வாயால் கேட்பேன்?

ஆனால் அன்று சனிக்கிழமை. திங்களிலிருந்து ஷூ கம்பெனியில் அவளுக்கு வேலை. விடியும் முன்னே வேன் வரும். திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். திங்களன்றுதான் அவரையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் வேறு ஆள் இல்லை. அவர் தன் கையால் சாப்பிட்டால்தான் அவள் வேலைக்குப் போக முடியும்.

“இன்னிக்கு ஒரு வேளை ஊட்டாம இருந்து பாருங்கம்மா” என்றுதான் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் பக்கத்து வீட்டுக்காரியை இழுத்தாள்.

“ஏன், அவ வந்தா ஆவாதா? அவளாச்சும் உப்பு பாத்துப் போடுவா” என்றார் அவர்.

பக்கத்துக் கட்டிலில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“ஊட்டுற கைக்குப் பசி தெரியாதுன்னு எங்கம்மா சொல்லும்” என்றாள் என்னைப் பார்த்து. “பொய்யி சிஸ்டர். நல்லாவே தெரியும்.”

“இன்னாமே, இன்னும் கம்பெனி வாசல கூட மிதிக்கல, அதுக்குள்ள பேச்சப் பாரு. சோறு ஆறுது, குடு” என்று அவர் வாயைத் திறந்தார்.

அவள் கையிலிருந்த உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். தட்டை அவர் மடியில் வைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அவசரமில்லாமல் மென்றாள்.