மூன்றாம் கட்டத்தில் மதினி நிற்கவில்லை

விளையாட்டுத் திரையின் வலது ஓரத்தில் பாறை முடிந்துவிட்டது. அதற்கப்பால் ஒன்றுமில்லை, வெறும் நீலம். அந்த இடத்தில் ஆடு விளிம்பில் வந்து நின்றிருக்க வேண்டும். முதன்முறை ஆடுகிற எவரும் அங்கே நிற்பார்கள். ஓரடி பின்னால் வருவார்கள். மேலே வழி இருக்கிறதா, கீழே வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மதினி நிற்கவில்லை. அவருடைய கட்டைவிரல் பொத்தானை அழுத்த, ஆடு நீலத்துக்குள் பாய்ந்தது. பாய்ந்த பிறகுதான் அதன் காலடியில் ஒரு கல் தோன்றியது. கல் அங்கே வரும் என்று மதினிக்கு எப்படித் தெரியும்? அன்று மாலை நான் கேட்கவில்லை. மனதில் மட்டும் குறித்துக்கொண்டேன்.

மதினி என் அண்ணன் மனைவி. அகரத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தார். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, தண்ணீர் மோட்டார்களை இயக்கி நிறுத்தும் சிறு கருவிகளுக்கு வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதுகிறேன். அவர் கல்யாணமாகி வந்த புதிதில் எங்களுக்குள் பேச்சு ஒட்டவில்லை. பரணிலிருந்து நான் இறக்கி வைத்த பழைய டிவி கேம் பெட்டியைப் பார்த்ததும்தான் மதினி முதன்முறையாக என் அறைக்குள் வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கேசட்டைச் செருகி, டிவியோடு இணைத்து ஆடும் அந்தப் பெட்டியின் நகல்கள் எங்கள் சிறுவயதில் கடைக்குக் கடை தொங்கின. அதைத் தயாரித்தவர்கள் கைவிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் உலகெங்கும் சிலர், ஆசைக்காக, இன்னமும் வீட்டில் உட்கார்ந்து அதற்குப் புதுப்புது விளையாட்டுகளைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவற்றை ஆடிப் பார்த்துத் தமிழில் விமர்சனம் எழுத நாங்கள் இருவரும் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினோம். படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் எங்களுக்குத் தெரிந்து தமிழில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை.

எங்கள் முறை கறாரானது. கம்ப்யூட்டரில் மட்டும் ஆடிப் பார்த்துவிட்டு எழுத மாட்டோம். விளையாட்டை, அழித்து எழுதக்கூடிய ஒரு கேசட்டில் ஏற்றி, பெட்டியில் செருகி, முதுகு பெருத்த பழைய டிவியில்தான் ஆடுவோம். கம்ப்யூட்டரை மட்டும் நம்புகிறவர்கள் செய்யும் தவறுகள் அப்போதுதான் தெரியும். புள்ளிக் கணக்கைத் திரையின் உச்சியில் வைத்திருப்பார்கள்; பழைய டிவி ஓரங்களைத் தின்றுவிடும், கணக்கில் பாதி காணாமல் போய்விடும். ஒரு விமர்சனம் நான் எழுதினால் அடுத்தது மதினி. எழுதாதவர் படித்துப் பார்த்து வெட்டுவார். விதி ஒன்றே ஒன்று, அது நான் போட்டது: சொந்தக்காரர், நண்பர், தெரிந்தவர் செய்த விளையாட்டை நாங்கள் விமர்சிக்க மாட்டோம். வேறு மொழிப் பக்கங்களில் நண்பரை நண்பர் தூக்கிவிடுவதை நிறையப் பார்த்திருந்தேன்.

அண்ணன் லாரி உதிரிப்பாகக் கடை வைத்திருந்தான். மதியம் சாப்பிட வரும்போது எங்களைப் பார்த்தால் சும்மா போக மாட்டான்.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு ரிமோட்டத் தூக்கிட்டீகளா? வீட்ல வெஞ்சனம் என்னாச்சு?"

"அடுப்புல இருக்குங்க, போய்க் கிண்டுங்க" என்பார் மதினி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கை ரெண்டும் நல்லாத்தான இருக்கு?"

"டீச்சருக்கு மார்க் போடுற எடத்துல மட்டுந்தான் பேச்சு வரும்னு நெனச்சேன்."

"ஒங்களுக்கு மார்க் போட்டா தாங்க மாட்டீக. செத்த நேரம் பேசாம போங்க."

ஆட்டு விளையாட்டு ஒரு புனைபெயரிலிருந்து வந்தது. எந்த நாடு, என்ன வேலை, ஒன்றும் இல்லை. மின்னஞ்சலில் சுருக்கமான ஆங்கிலம்; குறை இருந்தால் சொல்லவும் என்ற ஒரு வரி. வழக்கமாக விளையாட்டு செய்து அனுப்புகிறவர்கள் தங்கள் சிறுவயதையும் முதல் கேசட்டையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இவ்வளவு அடக்கமாக எழுதுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. என் தொழில் அப்படி. மோட்டார் நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால், சொல்கிறவரையும் சேர்த்துத்தான் சந்தேகிப்பேன்.

விளையாட்டு எளிமையானது. மொட்டைப் பாறையில் ஓர் ஆடு உச்சிக்கு ஏற வேண்டும். அன்று மதினி மூன்றாம் கட்டத்தில் தயங்காமல் தாண்டியதைப் பார்த்தபின் எனக்கு மூன்று சாத்தியங்கள் தோன்றின. எனக்குத் தெரியாமல் முன்பே ஆடிப் பார்த்திருக்கிறார். அல்லது செய்தவரைத் தெரிந்திருக்கிறது. அல்லது செய்ததே அவர்தான். முதலாவதாக இருந்தால் குற்றமில்லை. ஆனால் முன்பே ஆடியிருந்தால் சொல்லியிருப்பாரே.

பிறகு இசை. எங்கள் பெட்டி நகல்தானே. அதன் ஒலியில் ஒரு கோளாறு உண்டு. கூர்மையாகக் கேட்க வேண்டிய சத்தம் உருண்டையாகவும், உருண்டையாகக் கேட்க வேண்டியது கூர்மையாகவும் இடம் மாறி வரும். அசல் பெட்டிக்காக எழுதிய இசை எங்களிடம் மூக்கடைத்துப் பாடுவது போலிருக்கும். ஆட்டு விளையாட்டின் இசையோ எங்கள் பெட்டியில் அவ்வளவு இனிமை. கம்ப்யூட்டரில் ஓட்டினால்தான் மூக்கடைத்தது. அதாவது, செய்தவர் நகல் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, காதால் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். நகல் பெட்டிகள் எத்தனையோ நாடுகளில் விற்றன. இது மட்டும் ஆதாரமாகாது. ஆனால் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது.

அந்த முறை எழுத வேண்டியவர் மதினி. "பேப்பர் திருத்தணும் புள்ள, கட்டு கட்டா கெடக்கு. நீயே எழுதிரு" என்றார். அதையும் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவரிடம் சாதாரணமாக இருக்க என்னால் முடியவில்லை. துணி காயப்போடும்போது அவர் ஏதாவது முணுமுணுத்தால் அது ஆட்டின் பாட்டா என்று காது கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் இருந்தால், வினாத்தாள்தான் தயாரிக்கிறாரா என்று நினைத்தேன். கூடவே இன்னொரு நினைப்பும் குடைந்தது: என்னிடமிருந்து இலவசமாகப் புகழ்ச்சி வாங்கப் பார்க்கிறாரோ?

விமர்சனத்தை எழுதினேன். இரண்டாம் கட்டம் தேவையில்லாமல் நீளம், ஆட்டின் நடை தள்ளாடுகிறது, எழுத்துகள் படிக்கச் சிரமம் என்று திட்டினேன். கடைசியில் ஒரு வரி: "விழுகிறவரைக் கேலி செய்யாத விளையாட்டு இது, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி நிற்க வைக்கிறது." வேண்டுமென்றே ஒரு குறையை மட்டும் விட்டுவிட்டேன். ஆடு விழும் ஒவ்வொரு முறையும் பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. அடிக்கடி விழுகிறவருக்கு அந்த முதல் சில சுரங்களே வெறுப்பாகிவிடும். அதைச் சமையலறையில் மதினியிடம் மட்டும் வாய்வார்த்தையாகச் சொன்னேன்.

"அம்புட்டு எரிச்சலாவா இருக்கு?" என்று கேட்டார்.

"காதுக்குள்ள ஈ புகுந்த மாதிரி இருக்கு மதினி."

சில வாரங்களில் திருத்திய பதிப்பு வந்தது. ஆடு விழுந்தது, பாட்டு அறுபடாமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது வந்தபாடில்லை.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்து, பின்வாசல் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம்.

"பாட்டு மொதல்லருந்து ஓடுறத சரி பண்ணிட்டாக போல மதினி."

"யாரு?"

"ஆட்டுக்காரக."

"நல்லதாப் போச்சு." காம்பைத் தூர எறிந்தார்.

"அத நான் எழுதவே இல்லயே. உங்ககிட்ட மட்டுந்தான சொன்னேன்."

அவர் கை நின்றது. முறத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏ புள்ள, எனக்குப் பொறி வச்சியா? எலிக்கு வைக்கிற மாதிரி?"

"ஆட்டுக்கு வச்சேன்."

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிப்பு தானாக நின்ற பிறகு அவர் சொன்னார்: "நாந்தான் செஞ்சேன். நெட்டுல பாத்துக் கத்துக்கிட்டு, லீவு நாள்ல நீயும் உங்கண்ணனும் வெளிய போனப்ப கொஞ்சங் கொஞ்சமா. மொதல்லயே சொல்லிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப? விதின்னு சொல்லி ஒதுக்கி வச்சிருப்ப. தமிழ்ல இதப் பத்தி எழுதுறதே நாம ரெண்டு பேருதான். நானே எனக்கு எழுதிக்கிட முடியுமா? அதான் உன்னைய எழுதச் சொன்னேன்."

விமர்சனத்தை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றேன். அவர் வாதாடுவார் என்று நினைத்துப் பதில்களை வரிசையாகத் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"எடுத்துரு. அது நாயந்தான். எனக்கென்ன, நான் படிச்சிட்டேன்ல? யாருன்னே தெரியாம ஒருத்தி எழுதுனதப் படிச்சிட்டேன். அது போதும்." மறுபடி கீரையில் கை வைத்தவர், பாதியில் நிறுத்தினார். "தெரியாமத்தான எழுதுன?"

அதுவரை கேள்வி கேட்பவள் நான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சந்தேகம் இருந்துச்சு மதினி."

"எப்பருந்து?"

"மொத நாள்லருந்தே. மூணாவது கட்டத்துல நீங்க நிக்காமத் தாண்டுனீங்க."

"அப்ப அந்தக் கடைசி வரி? விழுகிறவரக் கேலி செய்யாதன்னு எழுதுனியே. அது எனக்காக எழுதுனதா, ஆட்டுக்காக எழுதுனதா?"

ஆட்டுக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கே தெரியவில்லை. மதினி மனம் நோகக் கூடாது என்று எழுதியிருக்கலாம். அதேபோல, நடை தள்ளாடுகிறது என்று திட்டியதும் நான் யாருக்கும் வளைய மாட்டேன் என்று எனக்கே காட்டிக்கொள்ளத் திட்டியதாக இருக்கலாம். மின்சுற்றை அளக்க நாங்கள் ஒரு மீட்டரை வைப்போம். சில சமயம் மீட்டரை வைப்பதாலேயே சுற்றின் அளவு மாறிவிடும். பிறகு காட்டுவது எந்த அளவு என்று சொல்ல முடியாது. அதைத்தான் அவரிடம் சொன்னேன், சுற்றி வளைத்து.

கணக்கு டீச்சர் அல்லவா, அவர் சுருக்கமாகச் சொன்னார்: "அப்ப செல்லாது. புகழ்ந்ததும் செல்லாது, திட்டுனதும் செல்லாது." குரலில் கோபமில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்து, "நெனச்சிக்கிட்டே இருந்தேன் புள்ள அந்த வரிய" என்று மட்டும் கேட்டது.

விமர்சனத்தை நீக்கி, செய்தவர் எங்கள் வீட்டைச் சேர்ந்தவர் என்று ஒரு குறிப்புப் போட்டேன். மதினி அந்த விளையாட்டைத் தன் சொந்தப் பெயரில், முன்பின் தெரியாத வெளிநாட்டுப் பக்கங்களுக்கு அனுப்பினார். அவர்களில் ஒருவர் பாராட்டினார், ஒருவர் நக்கலடித்தார். நக்கலடித்ததை மதினி அண்ணனுக்கு உரக்கப் படித்துக்காட்டினார், அவ்வளவு பெருமையாக. "திட்டுனதுக்கா இம்புட்டுச் சிரிப்பு?" என்றான் அண்ணன். "இந்தாளுக்கு என்னையத் தெரியாதுங்க" என்றார் மதினி.

இப்போது அவர்கள் ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறார்கள். அண்ணனின் கடை அங்கே மாறிவிட்டது. இணையப் பக்கத்தை நான் தனியாகத்தான் நடத்துகிறேன். மதினி அதன்பின் இன்னும் சில விளையாட்டுகள் செய்துவிட்டார். எதுவும் முதலில் எனக்கு வருவதில்லை. வெளியாட்கள் எழுதி முடித்த பிறகு, மற்றவர்கள் படிக்கும்போதுதான் நானும் படித்துத் தெரிந்துகொள்கிறேன். அதற்கும் பிறகே எனக்கு அனுப்புவார். மரியாதைக் குறைவு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் என்னைச் சந்தேகிப்பேன்.

போன மாதம் வந்த விளையாட்டை நான் ஆடி முடித்த அன்று மதினி போனில் அழைத்தார்.

"ஆடிப் பாத்தியா?"

"பாத்தேன் மதினி."

"எப்பிடி இருக்குன்னு கேக்க மாட்டேன்."

"நானும் சொல்ல மாட்டேன்."

அந்தப் பக்கம் தாளிக்கும் சத்தம் கேட்டது.

"சரி, எங்கன எங்கன செத்த? அத மட்டும் சொல்லு" என்றார்.

அதில் முகத்தாட்சணியம் பார்க்க வழியில்லை. முதல் கட்டத்தில் தொடங்கி, விழுந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒருமுறை, "அங்கனயா? நெசமாவா?" என்று கேட்டார். நெசந்தான் என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன், மீதியையும் சொல்லு என்றார்.