அண்ணனுக்காக நான் சொன்ன பதில்

என் அண்ணன் அழகமுத்துவைப் பற்றி எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் "வாயில்லாத மனுசன்" என்றுதான் சொல்வார்கள். கஹவத்தைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் பால் வெட்டியவர். விடிந்ததும் ஒரு கோப்பை வெறும் தேத்தண்ணியோடு மலையேறுவார். முந்நூறு மரத்துக்குக் கத்தி போட்டு, பால் வடியும்வரை உட்கார்ந்திருந்து, சிரட்டை சிரட்டையாக வாளியில் சேர்த்துக்கொண்டு இறங்கும்போது பதினொரு மணியாகிவிடும். அதுவரை அந்த வயிற்றில் வேறு எதுவும் விழாது. மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவுகிற கை என்று கணக்கப்பிள்ளை மெச்சுவார். தன் வயிற்றைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் பிரேமலதா, அவருடைய ஒரே தங்கை. அண்ணனுக்குச் சேர வேண்டிய பேச்சையும் நானே பிடுங்கிக்கொண்டு பிறந்துவிட்டேன் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கேலி செய்வார்கள். சிங்களமும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கிராம சேவகரிடம் போனாலும் தபால் கந்தோருக்குப் போனாலும் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நிற்பார், நான் பேசுவேன். திரும்பி வரும்போது "என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். நான் சொல்வேன். கடையில் பருப்பு, சீனி கேட்கிற அளவுக்கு மேல் அவருக்குச் சிங்களம் தெரியாது என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

புருசன் விட்டுப் போனபிறகு நான் சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனேன். ஒன்பது வருடம். கல்யாணமே செய்யாத அண்ணன்தான் என் மகளுக்குச் சடை பின்னி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பினார். அவள் கல்யாணமாகி இப்போது வரக்காப்பொலையில் இருக்கிறாள். சிங்கப்பூரில் நான் இருந்தது ஒரு சீனக் குடும்பத்தில். வீட்டு எஜமானி மேடத்தின் அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய் வந்து ஒப்பரேசன் செய்தார்கள். ஒரு பக்கம் ஆஸ்பத்திரி தந்த குளிசை மாத்திரைகள், இன்னொரு பக்கம் சீன வைத்தியர் கொடுத்த வேர்களும் பட்டைகளும். மண்சட்டியில் மூன்று கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாகச் சுண்டும்வரை காய்ச்சுவது என் வேலை. ஒரு கரண்டிக் கஞ்சி உள்ளே தங்காமல் கிடந்த கிழவர் மூன்று மாதத்தில் பூங்காவில் நடந்தார். என் சட்டிதான் அவரை எழுப்பியது என்று எனக்குள் ஒரு பெருமை. ஆஸ்பத்திரிக்காரர்கள் செய்ததை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

போன வருடம் ஊருக்கு வந்தேன். விமான நிலையத்தில் என்னைக் கூப்பிட வந்து நின்ற எலும்பும் தோலுமான மனிதரைத் தாண்டிப் போய்விட்டேன். "லதா" என்று குரல் கேட்டுத்தான் திரும்பினேன். இரண்டு வருடமாக வயிறு எரிந்திருக்கிறது. நான் போன் எடுத்தபோதெல்லாம் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார். பார்த்தால் அதே நோய். ஊரான் அப்பாவுக்கு வேர் காய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில் சொந்த அண்ணனின் வயிறு வெந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த நினைப்பு என்னைச் சும்மா விடவில்லை.

பெரியாஸ்பத்திரியில் இரைப்பையில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். ஒப்பரேசன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் ஒரு காலில் ரத்தம் கட்டி வீங்கிவிட்டதால், இனிக் கட்டாமல் இருக்க ஒரு குளிசை தந்தார்கள். அதற்குக் கிழமைக்கு ஒருதரம் கிளினிக்குக்குப் போய் ரத்தம் சோதிக்க வேண்டும்.

அண்ணன் வெளுத்துப்போய்க் கிடந்தார். அப்போதுதான் என் பெட்டியிலிருந்த பொதி ஞாபகம் வந்தது. எனக்கு ரத்தக் குறைவு என்று, வரும்போது மேடம் கட்டிக் கொடுத்த வேர்த் துண்டுகள். ரத்தத்துக்கு நல்லது என்றால் அண்ணனுக்கும் நல்லதுதானே? புதுச் சட்டி வாங்கினேன். மூன்று கோப்பையை ஒன்றாகச் சுண்டவைத்தேன். அண்ணன் முகம் சுளிக்காமல் குடித்தார்.

அடுத்த கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர். கிளினிக் துண்டுச் சீட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"சிங்ஹல பெஹெத் பொனவத?"

நாட்டு மருந்து ஏதாவது குடிக்கிறாரா என்று கேட்கிறார். எங்கள் ஆட்கள் இந்தக் கேள்விக்கு ஒருநாளும் உண்மை சொல்வதில்லை. எனக்கு முன்னால் போன ஓப்பநாயக்க ஊர்ப் பெண்ணொருத்தி ஆமாம் என்று சொல்லி, "அப்படியென்றால் இங்கே எதற்கு வந்தாய்?" என்று வாங் பெஞ்சு முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் காதுபட டொக்டரிடம் ஏச்சு வாங்கியதை அப்போதுதான் பார்த்திருந்தேன். சிங்கப்பூரில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்தவள் நான். இத்தனை பேர் முன்னால் அந்த ஏச்சை வாங்க என் கௌரவம் இடம் தரவில்லை.

"நே, டொக்டர்" என்றேன். இல்லை என்று.

அவர் கேட்டது சிங்கள மருந்தை, நான் கொடுப்பது சீன மருந்து, ஆகவே இது பொய்யே இல்லை என்று மனதுக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட சமாதானம். டொக்டர் அதோடு விடவில்லை. இந்தக் குளிசையோடு வேர், பட்டை எதுவும் சேரக்கூடாது, சேர்ந்தால் ரத்தம் நிற்காமல் போகும், இஞ்சித் தண்ணீர் குடித்தாலும் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் அண்ணன் வழக்கம்போலக் கேட்டார்.

"என்ன சொன்னாரு?"

"நல்லா சாப்பிடச் சொன்னாரு அண்ணே."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி" என்றார்.

வேர் வேலை செய்வதை என் கண்ணால் கண்டிருக்கிறேன், டொக்டர்மார் எப்போதும் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த கிழமை சோதித்துவிட்டு, ரத்தம் தேவைக்கு மேல் நீர்த்திருக்கிறது என்று டொக்டர் குளிசையைக் குறைத்தார். ஏன் இப்படி என்று அவர் நெற்றியைச் சுருக்கியபோது எனக்குப் பதில் தெரியும். சொல்லியிருக்கலாம். முதலில் சொன்ன பொய் இப்போது குறுக்கே நின்றது. வீட்டுக்கு வந்து, அண்ணன் இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறார் என்று இரண்டு துண்டு கூடுதலாகப் போட்டேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. அவர் முழங்கையில் நாவற்பழ நிறத்தில் தடம் கண்டேன். பஸ்ஸில் இடிபட்டதாக இருக்கும் என்று நானே முடிவுகட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் முகம் மழித்தபோது தாடையில் சின்னக் கீறல். நகம் அளவு. துவாயை வைத்து அமுக்கினோம். பத்து மணிக்கும் நிற்கவில்லை, பன்னிரண்டுக்கும் நிற்கவில்லை. வெள்ளைத் துவாய் முழுக்கச் சிவந்துபோனது. அப்போதுதான் மெதுவாகச் சொன்னார், நாலு நாளாக மலம் கறுப்பாகப் போகிறது என்று. வயிற்றுக்குள்ளேயும் ரத்தம் கசிகிறது என்று புரிந்தது. லயத்து முனையில் நின்ற த்ரீவீல் ஆட்டோவைக் கூப்பிட்டு அவரைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டு ஓடினோம்.

வார்ட்டில் வேறொரு டொக்டர், வயதானவர். கட்டிலுக்குப் பக்கத்தில் மிஸ்ஸி என்கிற நர்சுகள் இரண்டு பேர். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். என்ன குடித்தார், வேர் ஏதாவது, கசாயம் ஏதாவது?

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அண்ணன் ரத்தம் ஒழுகக் கிடக்கிறார். அந்த நேரத்திலும் என் புத்தி, முன்பு இல்லை என்று சொன்னது துண்டுச் சீட்டில் எழுதியிருக்குமே, பொய்க்காரி என்று சொல்வார்களே என்று யோசித்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மூச்சு இரண்டு விடுகிற நேரமாவது இருக்கும். அந்த இரண்டு மூச்சுக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"பொனவா, டொக்டர் மாத்தயா. நங்கி சீன பெஹெத் ஹதலா தெனவா. எயாட்ட பனின்ன எப்பா."

குடிக்கிறேன், தங்கச்சி சீன மருந்து செய்து தருகிறாள். அவளை ஏச வேண்டாம்.

அண்ணன் பேசிய சிங்களம். மூன்று வாக்கியமும் சுத்தமாக.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ரத்தம் கட்டுவதற்கு ஊசி போடச் சொன்னார், ரத்தம் ஏற்றச் சொன்னார். என்ன வேர் என்று கண்டுபிடித்துச் சொல்லு என்று என்னை அனுப்பினார். பொதியில் இருந்ததெல்லாம் சீன எழுத்து. நடைபாதையில் நின்று சிங்கப்பூருக்குப் போன் எடுத்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேடம் முதலில் கேட்டது, "ஆஸ்பத்திரி டொக்டரிடம் தாளைக் காட்டினாயா?" என்பதுதான்.

"என்ன தாள் மேடம்?"

அங்கே ஒவ்வொரு மாதமும் மேடம் ஒரு தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவார். சாமான் வாங்கும் துண்டு என்று நினைத்திருந்தேன். அதில் ஒரு பக்கம் ஆஸ்பத்திரிக் குளிசைகளின் பெயர், மறு பக்கம் வேர்களின் பெயர். இரண்டு வைத்தியரும் அதைப் பார்த்து, வேண்டாததை வெட்டிவிட்ட பிறகுதான் எனக்குப் பொதி வந்திருக்கிறது. "அப்பாவுக்கும் ரத்தம் கட்டாத குளிசை இருந்தது. அதனால் அந்த வேரை அவருக்கு ஒருநாளும் சேர்க்கவில்லை. அது உனக்காகத் தந்தது, பிரேமா" என்று சொல்லி, டொக்டரிடம் காட்ட வேரின் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. நான் ஒன்பது வருடம் சட்டியைப் பார்த்தேன். தாளைப் பார்க்கவில்லை.

ரத்தம் இரண்டாம் நாள் நின்றது. நாலாம் நாள் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். கஞ்சியை ஊட்டிக்கொண்டே கேட்டேன்.

"அண்ணே, ஒங்களுக்கு சிங்களம் தெரியுமா?"

"முப்பது வருசமா சிங்கள ஆளுங்களோடதானே பால் வெட்டுறேன். காதுல விழாமப் போகுமா?"

"அப்ப அன்னைக்கு டொக்டர் சொன்னது?"

"வேரு குடிக்கக் கூடாதுன்னாரு. ரத்தம்னு என்னமோ சொன்னாரு. பாதி வெளங்குச்சு."

"வெளங்கியும் ஏன் குடிச்சீங்க? ஏன் அண்ணே எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

அவர் கஞ்சியை விழுங்கிவிட்டுச் சொன்னார். "ஒம்பது வருசம் கழிச்சு வந்து எனக்காக அடுப்புக்கிட்ட நிக்கிற. வேணாம்னு எப்புடிச் சொல்றது? அத்தன பேரு முன்னுக்கு நீ இல்லன்னு சொல்லிட்ட. நா ஆமான்னா ஒனக்குத்தானே அவமானம்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். அது ஆண்கள் வார்ட்டு, எல்லா ஆம்பளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இந்தத் தடவை எனக்கு வெட்கமாக இல்லை.

பத்து நாள் கழித்துப் பழைய கிளினிக். அதே இளம் டொக்டர், அதே வாங், அதே கூட்டம். கையில் ஒரு தாள் வைத்திருந்தேன். குளிசைகள் ஒரு பக்கம், அந்த வேரின் பெயர் முதல் கொத்தமல்லித் தண்ணீர் வரை மறு பக்கம். டொக்டர் நிமிர்ந்தார். கேள்வி வந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். இனிமேல் அவரே பேசிக்கொள்வார், என்னை நம்பமாட்டார், அதுதான் நியாயம் என்று நினைத்திருந்தேன்.

அவர் எப்போதும்போல என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நீயே சொல்லு லதா" என்றார்.

சொன்னேன். முதல் நாள் பொய் சொன்னதிலிருந்து கூடுதலாகப் போட்ட இரண்டு துண்டு வரை, வாங் முழுக்கக் கேட்க, சிங்களத்தில். நாக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் இடறியது. டொக்டர் தாளை வாங்கிப் படித்தார். நாலை வெட்டினார், கொத்தமல்லியை விட்டுவைத்தார். காலுக்கான குளிசை முடிந்தபிறகு வேறு ஏதும் கொடுக்க ஆசைப்பட்டால் முதலில் இந்தத் தாளோடு வா என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார்.

"என்ன சொன்னாரு?"

எல்லாமே அவருக்கு விளங்கியிருந்தது. எனக்கும் அது தெரியும். இருந்தாலும் ஒரு சொல் விடாமல், முதலிலிருந்து கடைசிவரை தமிழில் சொன்னேன். முதல் தடவை கேட்கிறவர்போலக் கேட்டுக்கொண்டே என்னோடு நடந்தார்.

"சரி" என்றார்.